ஒலிவாங்கி எதைக் கேட்டது?

பழைய ஒலிப்பதிவு ஒன்றைச் சான்றாகக் கொள்ளும் மொழியியலாளர், பேசியவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று தவறாமல் கேட்பார். எந்த ஒலிவாங்கியில் பதிவானது என்று கேட்பவர் மிகக் குறைவு. களப்பதிவின் வரலாறோ, அக்கேள்விக்கு விடை தெரியாமல் மற்ற விடைகளால் பயனில்லை என்பதையே காட்டுகிறது.

ஜார்ஜ் கிரியர்சன் மேற்பார்வையில் நடந்து 1928-இல் நிறைவுற்ற இந்திய மொழியியல் அளவாய்வில் சென்னை மாகாணம் சேர்க்கப்படவில்லை. ஆனால், அதன் தொடர்ச்சியாக உருவான 200-க்கும் மேற்பட்ட இசைத்தட்டுகளில் தமிழும் தெலுங்கும் இடம்பெற்றன. மின்வழி ஒலிப்பதிவு வணிகப் புழக்கத்துக்கு வந்தது 1925-இல்தான். அதற்கு முந்தைய தட்டுகளில் ஒலிவாங்கியே கிடையாது. கூம்புக் குழலுக்குள் பேசிய குரலின் அழுத்தமே ஊசியை அசைத்து மெழுகில் தடம் கீறியது. அம்முறையில் பதிவானது ஏறத்தாழ 250 முதல் 2500 ஹெர்ட்சு வரையிலான ஒலி மட்டுமே. ‘ஸ’ என்னும் உரசொலியின் ஆற்றலில் பெரும்பகுதி 4000 ஹெர்ட்சுக்கு மேல் இருப்பது. ஆகவே, குழல்வழித் தட்டுகளைக் கொண்டு ஒரு மொழியின் உரசொலிகளை வகைப்படுத்த முனைபவர், பதிவாகாத ஒன்றைத் தேடுகிறார்.

1951-இல் ஸ்டெபான் குடெல்ஸ்கி உருவாக்கிய நாக்ரா கருவி, ஒலிப்பதிவைத் தோளில் சுமந்து செல்லத்தக்கதாக்கியது. பேசுபவர் கருவியைத் தேடி வந்த நிலை மாறி, கருவி அவர் திண்ணைக்கே சென்றது. அங்கே புதிய சிக்கல் எழுந்தது. டைனமிக் ஒலிவாங்கி தூசியையும் அதிர்ச்சியையும் தாங்கும், மின்சாரம் வேண்டாது, ஆனால் மெல்லிய ஒலிகளை எளிதில் வாங்காது. கண்டென்சர் ஒலிவாங்கி நுட்பமாகக் கேட்கும்; அதற்குத் தனி மின்னூட்டம் தேவை. 1962-இல் பெல் ஆய்வகத்தில் கெர்கார்ட் செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்டும் மின்னேற்றத்தை ஒரு மென்படலத்திலேயே நிலைநிறுத்தி எலெக்ட்ரெட் ஒலிவாங்கியை அமைத்தனர். சட்டையில் செருகும் சிறு ஒலிவாங்கி பரவலாக அதுவே வழிவகுத்தது.

எளிமை வந்ததும் கவனம் தளர்ந்தது. ஒருதிசை ஒலிவாங்கி சுற்றுப்புற இரைச்சலைக் குறைக்கும். ஆனால் வாயருகே வைத்தால் தாழ்ந்த அதிர்வெண்களை மிகைப்படுத்தும். காற்றுக்கும் கையசைவுக்கும் எளிதில் இரையாகும். அனைத்துத்திசை ஒலிவாங்கியில் இக்குறைகள் குறைவு. ஆனால் கோழிக் கூவலும் பேருந்து ஒலியும் அதில் தாராளமாக நுழையும். பல கேசட் கருவிகளின் தானியங்கி ஒலியளவுக் கட்டுப்பாடு, மெல்லிய அசையையும் அழுத்த அசையையும் ஏறக்குறைய ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்தது. மினிடிஸ்க் கருவியோ, மனிதச் செவிக்குத் தேவையற்றதெனத் தான் கருதிய ஒலிக்கூறுகளைக் கழித்துவிட்டே சேமித்தது. கேட்பவருக்கு இரண்டும் தெளிவாகவே ஒலித்தன. அளப்பவருக்கு அவை பிழையான சான்றுகள்.

2010 சனவரியில் அந்தமானில் போவா சீனியர் மறைந்தபோது, போ மொழியின் கடைசிப் பேச்சாளர் மறைந்தார். அன்விதா அப்பி குழுவினர் பதிவுசெய்த அவர் குரல் இன்றும் கேட்கிறது. ஆனால், ஐயம் எழும் ஒரு சொல்லை மீண்டும் உச்சரிக்கச் சொல்ல இனி ஆளில்லை. அத்தகைய மொழிக்கு ஒலிவாங்கி வெறும் கருவியன்று. எந்த ஒலி எஞ்ச வேண்டும் என்பதை முடிவுசெய்யும் முதல் ஆய்வாளர் அதுவே. அதன் வகை, திசையமைவு, வாயிலிருந்து வைத்த தொலைவு ஆகிய மூன்றையும் பேசியவர் பெயருக்கு அடுத்த வரியில் எழுதிவைப்பது, பின்வரும் தலைமுறைக்குச் செய்யும் குறைந்தபட்ச நேர்மை.