கீலும் குங்கிலியமும்: யாழ்ப்பாணத்துக் கலத்தொழில் பற்றிய சில குறிப்புகள்

யாழ்ப்பாணத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் அரசர், ஆலயம், நிலவுரிமை, சாதியமைப்பு, கல்வி ஆகியவை பற்றி விரிவாக எழுதியுள்ளனர். மூன்று புறமும் கடல் சூழ்ந்த நிலமொன்றின் வரலாற்றிலே கடலோடு தொடர்புடைய கைத்தொழில்கள் பெற்றுள்ள இடமோ மிகச் சிறிது. கப்பலோட்டிய பெருமை பேசப்படுமளவிற்குக் கப்பலின் பலகைப் பொருத்துகளை அடைத்தவனின் தொழில் பேசப்படுவதில்லை. அத்தொழில் இல்லையேல் அந்தப் பெருமை கரையைக்கூடக் கடந்திராது. மரத்தாலும் மண்ணாலும் ஆன கலங்களுக்கு நம்மவர் இட்ட பூச்சுகளைப் பற்றிச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழிலே 'கலம்' என்னும் ஒரே சொல் பாத்திரத்தையும் குறிக்கும், மரக்கலத்தையும் குறிக்கும். இது தற்செயலான ஒற்றுமையன்று. பாத்திரம் நீரை உள்ளே நிறுத்துகின்றது. மரக்கலம் நீரை வெளியே நிறுத்துகின்றது. இரண்டிற்கும் பகை கசிவு ஒன்றே. அப்பகையை வெல்வதற்கு உலகின் பல பகுதிகளிலும் மனிதர் கண்ட வழியும் பெரும்பாலும் ஒன்றே. மரப்பிசினையோ நிலத்திலிருந்து ஊறும் கரிய கீலையோ உருக்கிச் சூட்டோடு பூசினர். மத்தியதரைக்கடல் நாடுகளில் திராட்சைமது அடைக்கப்பட்ட மட்சாடிகளின் உட்புறத்திற்குப் பைன் மரப்பிசின் பூசப்பட்டது. கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த கொலுமெல்லா என்னும் உரோம வேளாண் நூலாசிரியர், பெரிய மதுச்சாடிகளுக்குக் கீல் பூசும் முறையைத் தம் நூலின் பன்னிரண்டாம் பகுதியிலே விளக்கியுள்ளார். அவ்வகைச் சாடிகளின் உடைசல்களே 1945ஆம் ஆண்டு அரிக்கமேட்டில் மோட்டிமர் வீலர் நடத்திய அகழ்வில் வெளிப்பட்டன.

ஈழத்தைப் பொறுத்தவரை இதனினும் சுவையான சான்று ஒன்று உண்டு. மாந்தையிலும் அனுராதபுரத்திலும் நடைபெற்ற அகழ்வுகளில், அடி கூர்த்து நீண்ட, மெருகிடப்படாத சாடிகளின் துண்டுகள் கிடைத்தன. அவற்றின் உட்புறத்தில் கருநிறமான பூச்சு காணப்பட்டது. பாரசீகத்தின் சசானியர் காலத்திலும் அதனைத் தொடர்ந்த இஸ்லாமியக் காலத்திலும் பாரசீகக் குடாப் பகுதியிலிருந்து ஏற்றுமதியான சாடிகள் இவை. அனுராதபுரத்துத் துண்டுகளின் பூச்சினை வேதியியல் முறையிற் பகுத்தாய்ந்த ஆய்வொன்று 2008இல் வெளிவந்தது. பூச்சு நிலக்கீலே என்பதையும், அதில் ஒரு பகுதி ஈரானின் சூசாப் பிரதேசத்து ஊற்றுகளைச் சார்ந்தது என்பதையும் அது நிறுவியது. கி.பி. மூன்றாம் நூற்றாண்டு முதல் ஒன்பதாம் நூற்றாண்டு வரை ஈரானிய மண்ணின் கீல், சாடிக்குள் ஒட்டிக்கொண்டு நம் கடற்கரையில் வந்திறங்கிய வண்ணம் இருந்தது. சாடியினுள் வந்த பண்டம் எப்போதோ செலவாகிவிட்டது. அதைக் காத்த பூச்சு மட்டும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மண்ணுள் நிலைத்தது.

'கீல்' என்னும் சொல்லும் ஈண்டு நோக்கத்தக்கது. அரபு, பாரசீக மொழிகளில் நிலக்கீலுக்கு வழங்கும் பெயர் 'கீர்' என்பதாகும். தமிழ்ச் சொல்லை அதனோடு ஒப்பிடாதிருக்க இயலவில்லை. தமிழ் விவிலியத்தில் நோவாவின் பேழைக்கு உள்ளும் புறமும் பூசப்படுவதும் கீலே. ஆகவே வேதப் பாடம் கேட்ட யாழ்ப்பாணத்துச் சிறுவர், கடற்கரையைக் காணாதவராயினும், இச்சொல்லை அறிந்திருந்தனர் எனலாம்.

ஆனால் குடாநாட்டில் நிலக்கீல் ஊறுவதில்லை. பைன் மரமும் இல்லை. நம்மவர் கையாண்ட பொருள் குங்கிலியம். இதனை நாம் பெரும்பாலும் தூபப் பொருளாகவே அறிவோம். மனைவியின் தாலியை விற்று நெல் வாங்கச் சென்று, எதிர்ப்பட்ட வணிகனிடம் அதற்கு ஈடாகக் குங்கிலியப் பொதியைப் பெற்றுத் திருக்கடவூர்க் கோயிலிற் சேர்த்த கலய நாயனாரின் வரலாற்றைப் பெரியபுராணம் படித்தோர் அறிவர். அக்கதையின் பொருளியல் உண்மை ஒன்றைப் பக்தர் கவனிப்பதில்லை: குங்கிலியம் தெருவிற் பொதியாக விலைபோன வணிகச் சரக்கு. கருங்குங்கிலியம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலிருந்தும், வேறு வகைகள் ஈழத்தின் ஈரவலயக் காடுகளிலிருந்தும் மலாய்த் தீவுகளிலிருந்தும் வந்தன. யாழ்ப்பாணத்தின் வறண்ட சுண்ணக்கல் நிலத்தில் இம்மரங்கள் வளர்வதில்லை. எனவே கப்பலை அடைக்கும் பிசின் கப்பலிலேயே வரவேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்துக் கலத்தொழில் தன்னிறைவு பெற்ற கிராமியத் தொழில் என்று எண்ணுவோர் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

தொழில்முறையைச் சிறிது காண்போம். முதலில், இரு பலகைகள் கூடும் பொருத்தில் தும்பையோ பஞ்சையோ திரியாக முறுக்கி வைப்பர். அகன்ற வாயுடைய மழுங்கிய உளியை அதன்மேல் நிறுத்திக் கொட்டாப்புளியால் தட்டி உட்செலுத்துவர். தட்டுதல் மிகின் பலகை விலகும்; குறையின் திரி நில்லாது. தட்டும் ஓசையைக் கொண்டே பொருத்து நிறைந்ததா என்பதைக் கைதேர்ந்தவன் அறிவான். அதன் பின்னரே சூட்டுப் பூச்சு. இடித்துத் தூளாக்கிய குங்கிலியத்தை இரும்புத் தாச்சியில் எண்ணெயோடு சேர்த்து மெல்லிய நெருப்பில் உருக்குவர். தனிக் குங்கிலியம் ஆறியதும் கண்ணாடிபோல் இறுகி நொறுங்கும். கலமோ அலையிற் கிடந்து நெளியும் பொருள். அந்நெளிவிற்கு ஈடுகொடுக்கவே எண்ணெய் சேர்க்கப்படுகின்றது. எண்ணெய் மிகுந்தாலோ பூச்சு உலராமல் வெயிலில் இளகி வழியும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட பதத்தை அளவுகோல் கொண்டு அறிய இயலாது. ஒரு துளியைத் தண்ணீரில் இட்டு விரலால் நசுக்கிப் பார்த்தல் போன்ற சோதனைகளே வழிகாட்டின. நெருப்பு மிஞ்சினால் தாச்சி முழுவதும் தீப்பற்றும். அருகே காய்ந்த தும்பும் மரச்சீவலும் கிடக்கும் இடத்தில் அது எத்தகைய ஆபத்து என்பதைக் கூறவேண்டியதில்லை. நீருள் அமிழும் பகுதிக்குச் சுண்ணாம்பும் எண்ணெயும் கலந்த பூச்சு இடுவதும் இந்துமாகடலில் பரவலாக இருந்த வழக்கம். மரத்தைத் துளைக்கும் கடற்புழுவுக்கு எதிரான காப்பு அது. ஒருமுறை செய்து விட்டுவிடும் வேலையன்று இது. பூச்சு தேயும், திரி உக்கும், கலத்தை மீண்டும் கரையேற்ற வேண்டும்.

இத்தொழிலுக்குத் தமிழில் வழங்கும் பெயர் 'கலப்பற்று'. கலத்தைப் பற்றச்செய்வது கலப்பற்று என்று சொற்பொருள் கூறுதல் எளிது. உலோகங்களை ஒட்டும் பொருளைப் 'பற்றாசு' என்கின்றோம். ஆகவே அவ்விளக்கம் பொருத்தமற்றதென ஒதுக்கிவிடவும் இயலாது. ஆயினும் போர்த்துக்கேய மொழியில் இத்தொழிலாளியின் பெயர் 'கலபாத்தே' என்பதையும், அரபு மொழியில் இச்செயல் 'கல்பத்த' எனப்படுவதையும் அறிந்தபின் நாம் அவ்வளவு விரைவாக மகிழ்ந்துவிட முடியாது. கிரேக்கரும் இச்சொல்லை அறிந்திருந்தனர். 1041, 1042ஆம் ஆண்டுகளில் பைசாந்தியப் பேரரசை ஆண்ட ஐந்தாம் மிக்கேல், தந்தையார் கப்பல் அடைக்கும் தொழில் செய்தவராதலின், 'கலபாத்தேஸ்' என்ற பட்டப்பெயராலேயே வரலாற்றில் அறியப்படுகின்றான். நம் நாட்டிலும் இத்தொழிலாளியின் மகன் அரசனாகியிருப்பின் புலவர்கள் அவனுக்கு வேறொரு மரபுவழியைக் கண்டுபிடித்திருப்பர்!

என் கருத்தில், 'கலப்பற்று' என்பது போர்த்துக்கேயர் வழி வந்த சொல். தமிழ்க் காதுக்கேற்பத் தமிழ்ப் பகுதிகளாகப் பிரிந்து பொருள் பெற்றுக்கொண்டது. இதற்கு மொழியை மட்டும் நான் சான்றாகக் கொள்ளவில்லை. போர்த்துக்கேயர் வருவதற்கு முன்னர் அரபிக்கடலிலும் சோழமண்டலக் கரையிலும் கயிற்றால் தைக்கப்பட்ட கலங்கள் மிகுதியாக இருந்தன. தைத்த கலத்தில் அடைப்புத் தும்பு பொருத்தின்மேல் வைக்கப்பட்டுத் தையலின் அழுத்தத்தாலேயே நிற்கும். ஆணி அறைந்த கலத்திலோ வெளியிலிருந்து இரும்பு உளியால் அதனைச் செலுத்த வேண்டும். முறை மாறும்போது கருவி மாறுகின்றது. கருவியோடு அதன் பெயரும் வருகின்றது. கொச்சியிலும் கோவாவிலும் போர்த்துக்கேயர் நிறுவிய கப்பற்பட்டறைகளில் இத்தொழிலாளர் தனிப் பிரிவினராகப் பணிபுரிந்தனர். 'மேஸ்திரி' என்ற சொல்லும் அவர்களிடமிருந்தே வந்தது. இவ்வாறு கூறுவதனால் நம் கடலோடிகளின் பழைமைக்கு இழுக்கு எதுவுமில்லை. 1344இல் ஈழத்திற்கு வந்த இபின் பதூதா, ஆரியச்சக்கரவர்த்தியின் மரக்கலங்கள் சிறியனவும் பெரியனவுமாக நூறளவில் மாபார்க் கரையில் நின்றதைக் கண்டதாக எழுதியுள்ளார். யாழ்ப்பாண அரசு 1619இல் போர்த்துக்கேயர் வசமானதற்கு ஏறக்குறைய மூன்று நூற்றாண்டு முந்திய செய்தி இது. அக்கலங்களுக்கும் எவரோ அடைப்பு இட்டே இருத்தல் வேண்டும். சொல் இரவலாகலாம், தொழில் இரவலாக வேண்டியதில்லை.

பீப்பாவின் கதையும் இதனோடு இணைந்ததே. 'பீப்பா' என்பது 'பீப்பா' என்ற போர்த்துக்கேயச் சொல்லே. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் சாராயத்தை 'லெகர்' என்னும் பெரும் பீப்பா அளவிற் கணக்கிட்டனர். பிரித்தானியர் காலத்தில் அது ஏறக்குறைய 150 கலன் கொண்டதாகக் கொள்ளப்பட்டது. ஜேர்மனியிலும் அதனை அடுத்த நாடுகளிலும் பியர் நிரப்பும் பீப்பாக்களின் உட்புறத்திற்குச் சூடான கீல் பூசுதல் இன்றியமையாத வேலையாக இருந்தது. உருக்கிய கீலை உள்ளே ஊற்றிப் பீப்பாவை உருட்டி, எஞ்சியதை வடித்துவிடுவர். பிற்காலத்தில் கீலைச் சூட்டோடு உள்ளே பீச்சும் இயந்திரங்களும் தோன்றின. பழைய பூச்சு வெடித்ததும் அதனை உருக்கி நீக்கிப் புதிதாகப் பூசுவர். அப்படியாயின் நம் சாராயப் பீப்பாக்களுக்கு ஏன் அது தேவைப்படவில்லை? விடை எளிது. வடித்த சாராயத்தின் மதுசாரம் பிசினைக் கரைத்துவிடும். பூச்சு பானத்தோடு கலந்து அதனைக் கெடுக்கும். எனவே ஈழத்துச் சாராயத்திற்குத் திருக்கோணமலை மரம் என வழங்கும் சாவண்டலை மரத்தினாலான, பூச்சற்ற பீப்பாக்களே பொருந்தின. மரமே அங்குப் பாதுகாப்பு.

ஆனால் உட்பூச்சே இல்லாத நாடன்று யாழ்ப்பாணம். பனையின் பாளையில் கட்டும் முட்டியின் உட்புறத்திற்குச் சுண்ணாம்பு பூசுகின்றோம். பூசாத முட்டியில் இறங்குவது கள். பூசிய முட்டியில் இறங்குவது கருப்பநீர். அதிலிருந்தே பனங்கட்டி. கீல் கசிவைத் தடுப்பது. சுண்ணாம்பு நொதிப்பைத் தடுப்பது. ஒரு விரற்கடைகூடக் கனமில்லாத பூச்சொன்று பண்டத்தின் பெயர், விலை, அதன்மேல் விதிக்கப்படும் வரி, சமூக மதிப்பு ஆகிய அனைத்தையும் மாற்றிவிடுகின்றது. இதனைவிட மலிவான தொழில்நுட்பம் வேறெங்கும் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய நகரங்கள் நிலக்கரி வாயுவினால் விளக்கேற்றத் தொடங்கியபோது அதன் கழிவாகத் தார் பெருகியது. மலிவான அத்தார் உலகத் துறைமுகங்களெங்கும் பரவிக் குங்கிலியத்தின் இடத்தில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டது. ஆயினும் பாய்க்கப்பற் கட்டும் தொழில் வல்வெட்டித்துறை, ஊர்காவற்றுறை, காரைநகர் முதலிய இடங்களில் இருபதாம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. வல்வெட்டித்துறையில் 1930இல் கட்டப்பட்ட 'அன்னபூரணி' யாவரும் அறிந்த உதாரணம். சிறு பாய்க்கலமொன்றில் உலகைச் சுற்றிவந்த அமெரிக்கரான வில்லியம் அல்பேட் றொபின்சன் அதனை விலைக்கு வாங்கித் தம் மனைவியின் பெயரால் 'புளோரன்ஸ் சி. றொபின்சன்' எனப் பெயரிட்டார். தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையின் தலைமையில் வல்வெட்டித்துறைக் கடலோடிகள் 1937இல் அதனைச் செலுத்திச் சென்றனர். சுயெஸ் கால்வாய், மத்தியதரைக்கடல், பெர்மூடா ஆகியவற்றைக் கடந்து 1938 ஆகஸ்டில் மாசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறைமுகத்தை அது அடைந்தது. இப்பயணம் பற்றிப் பேசுவோர் தண்டையலின் துணிவையும் கப்பலின் அழகையும் போற்றுவர். முறையே. ஆனால் அத்திலாந்திக் மாகடலைத் தாண்டியது, 89 அடி நீளமான அக்கலத்தின் ஒவ்வொரு பொருத்தையும் உளி பிடித்து நிறைத்தவர்களின் வேலையுமாகும். அவர்களுடைய பெயர்கள் எந்த விழாமலரிலும் இடம்பெறுவதில்லை.

சுதந்திரத்தின் பின் வந்த குடிவரவு, சுங்கக் கட்டுப்பாடுகள் பாக்குநீரிணையின் பழைய வணிகத்தை முறித்தன. பின்னர் நோர்வே உதவியுடன் காரைநகரில் எழுந்த சீநோர் நிறுவனம் கண்ணாடிநார்ப் படகுகளை வார்த்தது. அப்படகில் பொருத்து என்பதே இல்லை. ஆகவே அடைப்பவனும் தேவையில்லை. மீனவனுக்கு அது நன்மையே. ஆண்டுதோறும் படகைக் கரையேற்றிச் செலவழிக்கும் சுமை நீங்கியது. அதனைக் குறைகூற நாம் யார்? 1983 முதல் 2009 வரை நீண்ட போரில் கரையோரங்கள் பாதுகாப்பு வலயங்களாயின; கடற்றொழில் தடைப்பட்டது; தொழிலறிந்தோர் பலர் இடம்பெயர்ந்தனர். ஒரு தலைமுறைக்குள் கைமாற வேண்டிய பதம் மாறாமலே நின்றுவிட்டது.

மன்னர்களின் ஆண்டுகளைக் கல்வெட்டில் தேடலாம். குங்கிலியத்திற்கு எவ்வளவு எண்ணெய் என்பது எந்தக் கல்வெட்டிலும் இல்லை. வல்வெட்டித்துறையிலும் தீவகத்திலும் இன்னும் வாழும் முதியவர்களின் கையிலும் காதிலுமே அது உண்டு. வரலாற்றுச் சிறப்புக்கலை மாணவரின் இறுதியாண்டு ஆய்வேடுகளுக்கு அரச மரபுகளே தலைப்பாகும் வழக்கத்தைச் சில ஆண்டுகளுக்கேனும் ஒத்திவைத்து, உளிகளின் பெயர்கள், பூச்சுகளின் கலவை, மரங்களின் தெரிவு ஆகியவற்றை ஒலிப்பதிவு செய்து தொகுப்பதற்கு அத்தலைப்புகளுள் ஒன்றிரண்டையாவது நம் துறை ஒதுக்குதல் வேண்டும். அம்முதியவர்களுள் பலர் எண்பது வயதைக் கடந்தவர்கள்.