இரட்டை மாட்டு வண்டி



"அண்ணா, ரெண்டு கிராபிக்ஸ் கார்டு போட்டா ஸ்பீடும் ரெண்டு மடங்காகுமா?" என்று நம் கல்லூரி மாணவர்கள் என்னைக் கேட்பதுண்டு. ஆகும், ஆகாது என்று ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாது. அதன் சரித்திரத்தைச் சொன்னால்தான் விளங்கும்.

1998-ல் அமெரிக்காவின் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனம் வூடூ2 என்ற கார்டை வெளியிட்டது. விளையாட்டுகளின் முப்பரிமாணப் படங்களை வரைவது மட்டுமே அதன் வேலை. மற்ற வேலைகளுக்கு வேறொரு கார்டு வேண்டும். இரண்டு வூடூ2 கார்டுகளைக் கம்ப்யூட்டருக்குள் ஒரு சின்னக் கேபிளால் இணைத்தால், திரையின் ஒற்றைப்படை வரிகளை ஒன்றும் இரட்டைப்படை வரிகளை மற்றொன்றும் வரையும். ஏரில் பூட்டிய ஜோடி மாடு மாதிரிதான்! இதற்கு எஸ்.எல்.ஐ., அதாவது ஸ்கேன் லைன் இன்டர்லீவ் என்று பெயர். 800க்கு 600 புள்ளிகளோடு நின்ற படம் 1024க்கு 768 ஆனது. ஆனால் சுவர், தரை மீது ஒட்டும் படங்களை இரண்டு கார்டும் தனித்தனியே வைத்துக்கொள்ள வேண்டும். எனவே அந்த மெமரி மட்டும் இரட்டிப்பாகவில்லை.

3டிஎஃப்எக்ஸ் நொடித்துப்போய், 2000 டிசம்பரில் தன் முக்கியச் சொத்துகளை என்விடியாவுக்கு விற்க ஒப்புக்கொண்டது. 2004-ல் என்விடியா அதே எஸ்.எல்.ஐ. என்ற மூன்றெழுத்துக்கு ஸ்கேலபிள் லிங்க் இன்டர்ஃபேஸ் என்று புது விரிவு கொடுத்து மீண்டும் கொண்டுவந்தது. 2005-ல் ஏ.டி.ஐ. நிறுவனம் கிராஸ்ஃபயரோடு போட்டிக்கு வந்தது.

இப்போது பெரும்பாலும் கையாண்ட முறை வேறு. முதல் படத்தை ஒரு கார்டு, அடுத்த படத்தை மற்ற கார்டு என்று முறை வைத்து வரைவது. சிக்கல் இங்கேதான் வந்தது. புதிய விளையாட்டுகள் முந்தைய படத்தின் விவரங்களை எடுத்து அடுத்ததை வரையத் தொடங்கின. ஒன்று முடிக்கும்வரை இன்னொன்று சும்மா காத்திருக்க வேண்டியதாயிற்று. படங்கள் சீரான இடைவெளியில் வராததால், கணக்கில் நொடிக்கு 60 படம் என்று இருக்கும், கண்ணுக்கோ திக்கித் திக்கி ஓடும். காசு இரண்டு பங்கு, பலன் ஒன்றரைப் பங்குகூடச் சில நேரம் இல்லை. 2015-ல் வந்த டைரக்ட்எக்ஸ் 12, வேலையைப் பிரிக்கும் பொறுப்பை விளையாட்டு எழுதுபவர்களிடமே விட்டது. தலையில் போட்டுக்கொண்டவர்கள் வெகு சிலரே. 2022-ல் வந்த ஆர்.டி.எக்ஸ். 4090 கார்டில் இணைப்புக்கான இடமே இல்லை.

கதை முடிந்தது என்கிறீர்களா? அதுதான் இல்லை. 2012-ல் டொரொன்டோ பல்கலைக்கழகத்தில் கிரிஷெவ்ஸ்கி, சுட்ஸ்கெவர், ஹின்டன் மூவரும், படங்களை அடையாளம் காணும் அலெக்ஸ்நெட் என்ற நரம்பு வலையமைப்பைப் பயிற்றுவித்தார்கள். அது ஒரு கார்டின் 3 ஜிபி மெமரியில் அடங்கவில்லை. கடையில் கிடைக்கும் இரண்டு ஜி.டி.எக்ஸ். 580 கார்டுகளில் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். குறிப்பிட்ட சில அடுக்குகளில் மட்டும் இரண்டும் பேசிக்கொள்ளும்படி அமைத்தார்கள். சுமார் 12 லட்சம் படங்கள், ஐந்தாறு நாள் ஓட்டம். இமேஜ்நெட் போட்டியில் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். இன்றைய ஏ.ஐ. அலைக்கு அது ஒரு திருப்புமுனை. 2016-ல் என்விடியா, பெரிய கணக்கீட்டுக் கார்டுகளைப் பிணைக்க என்வி லிங்க் என்ற அதிவேக இணைப்பையே கொடுத்தது.

விளையாட்டில் தோற்ற யோசனை ஆய்வுக்கூடத்தில் ஏன் ஜெயித்தது? விளையாட்டில் ஒவ்வொரு படமும் சுமார் 16 மில்லி செகண்டில் வந்தாக வேண்டும். பயிற்சிக்கு அந்த அவசரம் கிடையாது; வேலையைப் பெரிய துண்டுகளாகப் பிரிக்கவும் முடியும். ஆக, எத்தனை கார்டு என்பதைவிட, அவை எவ்வளவு பேசிக்கொள்ள வேண்டும், எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதே முக்கியம்.

புராஜெக்டுக்காக இரண்டாவது கார்டு வாங்க அப்பாவிடம் பணம் கேட்கும் தம்பி தங்கையர், முதலில் உங்கள் புரோகிராமைக் கேளுங்கள்: "உன்னை இரண்டாகப் பிரிக்கலாமா?" அது "சரி" என்றால் தாராளமாக வாங்குங்கள்!