மேன்ஸ்லாட்டர்: கம்பெனிக்கு வெளியே ஒரு ஆல்பம்

2014 ஜூன் மாதம் பாடி கவுண்ட் குழுவின் ஐந்தாவது ஸ்டூடியோ ஆல்பம் 'மேன்ஸ்லாட்டர்' வெளிவந்தது. வெளியிட்டது சுமேரியன் ரெகார்ட்ஸ், 2006இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கப்பட்ட சுயாதீன நிறுவனம். ராப் பாட்டும் மெட்டல் கிட்டாரும் மோதிக்கொள்ளும் அந்த ஆல்பத்தை நான் கேட்கும்போதெல்லாம், அதற்கு 22 வருஷம் முன்னால் நடந்த ஒரு சண்டைதான் நினைவுக்கு வரும். அது தெரியாமல் கேட்டால் இது வெறும் சத்தமாகவே நின்றுவிடும்.

பாடகர் ஐஸ்-டியும் கிட்டாரிஸ்ட் எர்னி சி-யும் லாஸ் ஏஞ்சலஸின் கிரென்ஷா உயர்நிலைப் பள்ளிக் காலத்து நண்பர்கள். ஐஸ்-டி ஏற்கெனவே பெயர் வாங்கிய ராப்பர். ராக் வெள்ளைக்காரப் பையன்களின் இசை என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், முழுக்கக் கறுப்பின இளைஞர்களைக் கொண்டு இந்தக் குழுவைக் கட்டினார்கள். முதல் ஆல்பத்தை 1992 மார்ச்சில் வார்னர் குழுமத்தின் சைர் நிறுவனம் வெளியிட்டது. அதன் கடைசிப் பாட்டு 'காப் கில்லர்'. காவல்துறை வன்முறையால் பொறுமை இழந்த ஒருவன் கோபத்தில் பேசுகிற பாட்டு.

அடுத்த மாதமே, ராட்னி கிங்கை அடித்த போலீஸ்காரர்கள் வழக்கிலிருந்து தப்பினார்கள், லாஸ் ஏஞ்சலஸ் பற்றி எரிந்தது. ஜூனில் டெக்சாஸ் போலீஸ் சங்கம் ஒன்று, பாட்டை எடுக்காவிட்டால் டைம் வார்னரின் பொருள் எதையும் வாங்கக் கூடாது என்று அறிவித்தது. துணை ஜனாதிபதி டான் குவேல் கண்டித்தார். ஜூலையில் நடந்த பங்குதாரர் கூட்டத்தில் நடிகர் சார்ல்டன் ஹெஸ்டன் எழுந்து நின்று பாட்டு வரிகளை வாசித்தார். ஐஸ்-டி இது ராக் ஆல்பம் என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார். பாடுகிறவன் கறுப்பன் என்பதால் எதிரிகளுக்கு அது ராப் பாட்டாகவே கேட்டது.

இங்கே கம்பெனியைக் கோழை என்று திட்டிவிட்டுப் போவது சுலபம். ஆனால் ஆரம்பத்தில் அதன் தலைவர் ஜெரால்ட் லெவின் பத்திரிகையில் எழுதி, கலைஞனின் பக்கம் நின்றார். பிறகு ஊழியர்களுக்குக் கொலை மிரட்டல் வந்தது. ஜூலை 28 அன்று ஐஸ்-டியே பாட்டை நீக்குவதாக அறிவித்தார். சினிமா, கேபிள் டிவி, பத்திரிகை என்று நூறு கடை விரித்த நிறுவனத்துக்கு ஒரே பாட்டு நூறு இடத்தில் வலி கொடுக்கும். எங்கே அழுத்தினால் வலிக்கும் என்று போலீஸ் சங்கத்துக்குச் சரியாகத் தெரிந்திருந்தது.

பாட்டு போனதோடு கதை முடியவில்லை. ஐஸ்-டியின் அடுத்த தனி ஆல்பம் 'ஹோம் இன்வேஷன்' விஷயத்திலும் தகராறு வந்து, 1993 தொடக்கத்தில் வார்னரும் அவரும் பிரிந்தார்கள். அதை வெளியிட்டது சுயாதீன நிறுவனமான ப்ரையாரிட்டி. அதில் '99 ப்ராப்ளம்ஸ்' என்றொரு பாட்டு இருந்தது. பத்து வருஷம் கழித்து ஜே-சி அதன் பல்லவியை எடுத்து உலகப் புகழ் பெற்ற பாட்டாக்கினார். இன்றும் பலருக்கு அது ஜே-சியின் பாட்டுதான்.

'மேன்ஸ்லாட்டர்' வருவதற்குள் குழு நிறைய இழந்திருந்தது. டிரம்மர் பீட்மாஸ்டர் வி 1996இல் ரத்தப் புற்றுநோயில் போனார். பாஸ் வாசித்த மூஸ்மேன் 2001இல் சுட்டுக் கொல்லப்பட்டார். கிட்டாரிஸ்ட் டி-ராக் 2004இல் இறந்தார். ஐஸ்-டியோ 2000லிருந்து டிவி தொடரில் போலீஸ் வேஷம் போட்டுக்கொண்டிருந்தார்! இந்த நிலையில், பெரிய கம்பெனி வாசனையே இல்லாமல் ஐந்தாவது ஆல்பம் வந்தது. '99 ப்ராப்ளம்ஸ்' அதில் கிட்டார் இரைச்சலோடு திரும்ப வருகிறது, தொலைந்த பொருளை உரிமைக்காரன் வந்து எடுத்துக்கொள்வது மாதிரி. சூசைடல் டென்டன்சீஸ் 1983இல் இன்னொரு சுயாதீன நிறுவனத்தில் வெளியிட்ட 'இன்ஸ்டிட்யூஷனலைஸ்டு' பாட்டும் இருக்கிறது. அதில் ஒரு பதின்வயதுப் பையனின் புலம்பல், நடுவயது மனிதனின் வீட்டுச் சண்டையாக மாறுகிறது. சிரிப்பு வரும், ஆனால் கோபம் நிஜம்.

இந்தத் தடவை பங்குதாரர் கூட்டத்தில் யாரும் எழுந்து வாசிக்கவில்லை. சுமேரியனிடம் சினிமா, டிவி சாம்ராஜ்யம் எதுவும் இல்லை, மிரட்டிப் பறிக்க அதிகம் இல்லை. சிறிய இடத்தின் பாதுகாப்பு அதுதான். அதற்கு விலையும் உண்டு, அங்கே கத்தினால் நாடு முழுக்கக் கேட்காது. 1992இல் எல்லோருக்கும் கேட்டது, அதனால்தான் வாயை மூடினார்கள்.

மூன்று வருஷம் கழித்து வந்த அடுத்த ஆல்பம் 'பிளட்லஸ்ட்'. அதை வெளியிட்ட செஞ்சுரி மீடியாவை அதற்குள் சோனி வாங்கியிருந்தது. அதில் 'பிளாக் ஹூடி', போலீஸ் சுட்டுக் கொல்லும் கறுப்பின இளைஞனைப் பற்றிய பாட்டு. அது கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. போலீஸைப் பற்றிய கோபத்தைப் பெரிய கம்பெனி மறுபடி விற்கத் துணிந்தது என்றால், அந்தக் கோபத்தை இடைப்பட்ட காலத்தில் அணையாமல் வைத்திருந்த வீடுகளில் ஒன்று அந்தச் சின்ன நிறுவனம் என்றே நான் சொல்வேன்.