பாராமகாலும் ஆட்சியியற் கல்வியும்

ஆட்சியியலை முதுகலைப் பாடமாகப் பயில்வோர் 1887இல் உட்ரோ வில்சன் எழுதிய கட்டுரையினின்றே தம் துறை தொடங்கிற்று எனக் கொள்வர். அதிகார அடுக்கு, வரவு செலவுத் திட்டம், பணியாளர் தேர்வு என அது விரியும். அரசு தான் ஆளும் நிலத்தை எங்ஙனம் அறிகிறது என்னும் வினா ஆண்டு ஓரிடத்து ஒதுங்கி நிற்கும். அவ்வினாவிற்கு விடை தேடுவார் ஊற்றங்கரை வட்டத்துக் கல்லாவிப் பக்கம் வருதல் தகும்.

இப்பகுதி பழைய பாராமகாலைச் சார்ந்தது. 1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திப்பு சுல்தான் இதனைக் கும்பினியார்க்கு விட்டுக்கொடுத்தார். தலைமை ஆளுநர் காரன்வாலிசு இதன் ஆட்சிக்குக் குடிமைப் பணியாளரை விடுத்து, அலெக்சாண்டர் ரீடு என்னும் படைத்தலைவரைத் தேர்ந்தார். சென்னைப் பணியாளருள் நாட்டு மொழி அறிந்தார் அரியராயிருந்தமையே காரணம். துணைவராக அமைந்த மன்றோ, கிரகாம், மக்லியாடு ஆகியோரும் படையினரே. ஆட்சித் தேர்வு எதுவும் எழுதாத இந்நால்வரும் வயல்தோறும் நிலத்தை அளந்து தீர்வை விதிக்க முற்பட்டனர்.

ரீடு முதலில் நெடுங்காலக் குத்தகையையே கருதினார். 1796இல் அக்கருத்தை நெகிழ்த்தி, குடிகள் ஆண்டுதோறும் வேண்டிய நிலத்தைக் கொள்ளவும் வேண்டாததை விடவும் இசைந்தார். இரயத்துவாரி முறைக்கு இதுவே வித்து. வானம் பார்த்த புன்செயில் மழை பொய்க்கும், பணத்தீர்வையோ பொய்க்காது. நிலத்தை விடும் உரிமை குடியானவனுக்கு எத்துணை இன்றியமையாதது என்பது இதனால் விளங்கும்.

பின்னர் நிகழ்ந்ததே பெரிதும் எண்ணத்தக்கது. ஏழாண்டு உழைத்துப் பெற்ற அறிவு ஒருபுறம் இருக்க, வங்காளத்து நிலைவரித் திட்டம் பொதுவிதியாகச் சேலத்திற்கும் வந்தது. 1802 முதல் நிலம் மிட்டாக்களாக விற்கப்பட்டது. அவற்றுட் பல நிலுவையால் நிலைகுலைந்தன. கல்கத்தாவின் கொள்கை கல்லாவியின் மண்ணை வென்றது எனலாம், சில காலத்திற்கு. மன்றோ 1820இல் சென்னை ஆளுநரான பின் இரயத்துவாரியே பெருவழக்காயிற்று. அதனைப் புகழ்வோர், தீர்வையின் சுமையை அவரே உணர்ந்து 1807இல் கடப்பை முதலிய மாவட்டங்களுக்கு நாலில் ஒரு பங்கு குறைக்கப் பரிந்துரைத்ததையும் கூறுதல் வேண்டும்.

ஒன்று மட்டும் மன்றோவின் முறையிலும் மாறவில்லை. அரசின் ஏட்டிற்கும் வயலுக்கும் இடையே கணக்கர் நின்றார். அவர் எழுதியதே அரசு அறிந்தது. பரம்பரை வழிவந்த அப்பதவி தமிழ்நாட்டில் 1980இல் ஒழிந்தது. அவ்விடத்திற்கு வந்த கிராம நிர்வாக அலுவலர் தேர்வெழுதி வருபவர். எனினும், அடங்கலை எழுத அவரும் வரப்பில் நடந்தே ஆகவேண்டும்.