பரண் இல்லாத வீடுகள்

வீட்டில் பொருட்களை எடுத்து வைக்கப் பயன்படும் சாமான்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அலமாரி, போர்ச்சுகீசியர்கள் கொடுத்த சொல். மேசையும் அவர்களுடையது. அலமாரியைப் பூட்டுகிற சாவியும் அவர்களுடையதுதான். பீரோ பிரெஞ்சிலிருந்து வந்தது. ட்ரங்குப் பெட்டியில் பாதி ஆங்கிலம். ஷெல்ஃப், லாஃப்ட், வார்ட்ரோப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பக்கத்திலேயே இன்னொரு பட்டியல் எழுதலாம். பரண், உறி, மாடக்குழி, கொடி, குதிர், அடுக்குப்பானை. இந்தச் சொற்களில் எத்தனைக்கு இன்று நம் வீட்டில் பொருள் இருக்கிறது? கொடி மட்டும் பால்கனியில் தொங்குகிறது, அதுவும் நைலானாக.

இரண்டு பட்டியலுக்கும் இடையில் சொற்களின் பிறப்பைத் தாண்டி வேறொரு வித்தியாசமும் இருக்கிறது. முதல் பட்டியலில் உள்ளவை பெரும்பாலும் தரையில் நிற்பவை. கடையில் வாங்கி, வண்டியில் ஏற்றி, வீட்டுக்குள் கொண்டுவந்து வைப்பவை. இரண்டாவது பட்டியலில் உள்ளவற்றில் பாதி தரையைத் தொடுவதே இல்லை. அவை சுவருக்குள் இருந்தன, கூரையில் தொங்கின, தலைக்கு மேல் கிடந்தன. வீட்டைக் கட்டும்போதே அவையும் சேர்ந்து கட்டப்பட்டன. சின்ன வீட்டை ஒழுங்காக வைத்துக்கொள்வது எப்படி என்று இன்றைக்கு நூறு வீடியோக்கள் வருகின்றன. எல்லாமே "உங்ககிட்ட பொருள் அதிகமா இருக்கு" என்றுதான் ஆரம்பிக்கின்றன. எனக்கு அதில் ஒரு சந்தேகம் உண்டு. பொருள் கூடியது உண்மைதான். ஆனால் அதற்கு முன்பே வீடு தன் பைகளை எல்லாம் தைத்து மூடிக்கொண்டுவிட்டது என்பதை யாரும் சொல்வதில்லை.

அறந்தாங்கிப் பக்கம் இருந்த எங்கள் அப்பத்தா வீடு மண்சுவர் வீடு. சுவர் ஒன்றரை அடிக்குக் குறையாத கனம். அவ்வளவு கனமான சுவரில் கொஞ்சம் குடைந்தாலும் சுவருக்கு ஒன்றும் ஆகாது. அதனால்தான் மாடக்குழி சாத்தியமாயிற்று. விளக்குக்கு ஒன்று, வெற்றிலைப் பெட்டிக்கு ஒன்று, சாமி படத்துக்கு ஒன்று. ஓட்டுக் கூரையைத் தாங்க விட்டமும் உத்தரமும் குறுக்கே ஓடின. அதில் கயிறு கட்டினால் உறி. பூனைக்கும் எறும்புக்கும் எட்டாத உயரத்தில் மோர்ப்பானை தொங்கும். நாலு மூங்கிலைக் குறுக்கே போட்டால் பரண். அடுப்புக்கு மேலே இருந்த பரணில் விதைக்கு எடுத்துவைத்த சோளமும் சுரைக்குடுக்கையும் இருக்கும். கீழிருந்து ஏறும் புகை பூச்சியை அண்டவிடாது.

இப்போது நாம் வசிக்கும் கட்டடங்களில் பாரத்தைத் தாங்குவது கான்கிரீட் தூண். சுவர் வெறும் தடுப்பு. அறைகளுக்கு நடுவே இருப்பது நாலரை அங்குலச் சுவர், அதில் ஆணி அடிக்கவே வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும். கூரை வழுவழுப்பான தளம். அதிலிருந்து தொங்குவதற்கு ஒரே ஒரு கொக்கிதான் உண்டு, அது ஃபேனுக்கு. சிமெண்டும் கம்பியும் மழையிலிருந்தும் கரையானிலிருந்தும் நம்மைக் காப்பாற்றின, மறுப்பதற்கில்லை. மண்சுவரைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. ஆனால் சுவர் மெலிந்த கணத்தில் சுவருக்குள் இருந்ததெல்லாம் அறைக்குள் வந்து விழுந்தது. அதை வைக்க அலமாரி வாங்கினோம். அலமாரி அறையில் ஆறு சதுர அடியை எடுத்துக்கொண்டது.

பரணுக்கும் குதிருக்கும் பின்னால் பெரிய வயது இருக்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் ஏணி வைத்தாலும் எட்டாத உயரத்தில் ஒரு நெற்கூடு வருகிறது. உச்சியைத் திறந்துதான் நெல்லைக் கொட்டுவார்கள். அப்பன் குதிருக்குள் இல்லை என்று பிள்ளை உளறிய பழமொழியை எடுத்துக்கொண்டாலும், ஒரு ஆள் ஒளிந்துகொள்ளும் அளவுக்குக் குதிர் பெரிதாக இருந்தது என்பது தெரிகிறது. ஒரு வருஷத்துச் சாப்பாட்டை வீட்டுக்குள் வைத்துக்கொள்ள வேண்டிய வாழ்க்கை அது. ஆனால் இதைச் சொல்லும்போது ஒன்றை மறக்கக் கூடாது. நெல் இருந்தவன் வீட்டில்தான் குதிர் இருந்தது. கூலிக்கு அறுத்தவர் குடிசையில் அன்றைய நெல் அன்றைக்கே உலைக்குப் போனது. பழைய வீடுகள் துப்புரவாக, காலியாக இருந்தன என்று பெருமூச்சு விடுகிறவர்கள், சில வீடுகள் ஏன் காலியாக இருந்தன என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அந்த வீடுகளில் இன்னொரு தந்திரம் இருந்தது. அறைக்குப் பெயர் கிடையாது. இரவு பாய் விரித்தால் படுக்கையறை. காலையில் சுருட்டி மூலையில் நிறுத்தினால் கூடம். இலை போட்டால் சாப்பாட்டு அறை. ஜப்பானிய வீடுகளிலும் இதே கதைதான். பகலில் படுக்கையை மடித்து 'ஓஷிஇரே' என்ற சுவர் அறைக்குள் தள்ளிவிடுவார்கள். கட்டில் வந்ததும் இந்த வித்தை முடிந்துபோயிற்று. ஆறரைக்கு ஐந்தடிக் கட்டில் இருபத்துநாலு மணி நேரமும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும், நாம் அதில் எட்டு மணி நேரம்தான் படுத்தாலும்.

நகரத்துச் சின்ன வீட்டுக்கு நம்மிடம் ஓர் அரசாங்க வரலாறே உண்டு. குடிசை மாற்று வாரியம் 1970இல் சென்னையில் தொடங்கப்பட்டது. 2021இல் அது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. ஆரம்ப காலக் குடியிருப்புகளில் பெரும்பாலானவை ஓர் அறை, ஒரு சமையல் மூலை என்ற கணக்கில் கட்டப்பட்ட மிகச் சிறிய வீடுகள். குடிசையும் சிறியதுதான். ஆனால் குடிசைக்கு வாசல் இருந்தது, பக்கத்துச் சந்து இருந்தது, கூரைச் சரிவில் செருகி வைக்க இடம் இருந்தது. மூன்றாவது மாடியில் இவை எதுவும் கிடையாது. அதனால்தான் அந்தக் கட்டடங்களின் நடைபாதையில் இன்றைக்கும் குடங்களும் அம்மியும் சைக்கிளும் நிற்கின்றன. பார்க்கிறவர்கள் அலங்கோலம் என்கிறார்கள். எனக்கு அது கூரையோடு போன பரணைப் படுக்கவைத்தது மாதிரித் தெரிகிறது.

இடத்தை அளந்து வடிவமைப்பதில் அக்கறை காட்டியவர்களும் இருந்தார்கள். 1926இல் ஜெர்மனியின் ஃப்ராங்ஃபர்ட் நகரத்தில், தொழிலாளர் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் ஒரு சமையலறையை வடிவமைத்தார். ஏறத்தாழ ஆறரை சதுர மீட்டர்தான். ரயிலின் உணவுப் பெட்டி எப்படி இயங்குகிறது என்பதையெல்லாம் பார்த்து, ஒரு பெண் எத்தனை அடி நடக்கிறாள் என்று கணக்கிட்டுச் செய்த வேலை. மாவுக்கும் அரிசிக்கும் சர்க்கரைக்கும் பெயர் பொறித்த அலுமினிய இழுப்புகள், அப்படியே உருவிக் கொட்டலாம். சுமார் 10,000 வீடுகளில் அது பொருத்தப்பட்டது. இன்று லட்சக்கணக்கில் செலவழித்துச் செய்யும் மாடுலர் கிச்சனுக்கு அதுதான் பாட்டி. அந்த இழுப்புகளின் படத்தை அம்மாவிடம் காட்டினேன். "நம்ம அஞ்சறைப் பெட்டிதானே, பெருசா பண்ணியிருக்காங்க" என்றாள். சரிதான். கடுகு தீய்வதற்குள் சீரகத்துக்குக் கை போக வேண்டும் என்பதுதான் இரண்டுக்கும் அடிப்படை.

பீரோவுக்கு வருவோம். 1897இல் பூட்டு செய்யத் தொடங்கிய கோத்ரெஜ் நிறுவனம் 1923இல் இரும்பு அலமாரிக்கு வந்தது. 1951-52 முதல் பொதுத் தேர்தலுக்கு லட்சக்கணக்கான ஓட்டுப் பெட்டிகளைச் செய்து கொடுத்ததும் அதே நிறுவனம். வாக்கையும் நகையையும் ஒரே தகரம் காத்தது என்று சொல்லலாம். பிறகு ஊருக்கு ஊர் பட்டறைகளில் பீரோ செய்தார்கள், ஆனால் பெயர் என்னவோ 'கோத்ரெஜ் பீரோ'தான். கல்யாணச் சீர்வரிசையில் அது முதல் வரிசைக்கு வந்தது. வீட்டில் ஒரு பெண்ணுக்கென்று சாவி போட்டுப் பூட்டும் இடம் அது ஒன்றுதான். அவளுடைய பட்டுப்புடவை, அவளுடைய நகை, அவளுக்கு மட்டும் தெரிந்த ஐநூறு ரூபாய். வீடு மாற்றும்போது படிக்கட்டில் திரும்பாத அந்தப் பீரோவை "இந்தக் காலத்துல யாருங்க இதை வெச்சிருப்பாங்க" என்று கேட்பது சுலபம். பதில் அந்தச் சாவியில் இருக்கிறது.

வேண்டாததைக் கழிக்கத் தெரியாத சமூகமா நாம்? கழிப்பதற்கென்றே நம்மிடம் ஒரு பெரிய ஏற்பாடு இருந்தது. பொங்கலுக்கு வெள்ளையடிப்பார்கள். சுண்ணாம்பு அடிக்க வேண்டுமென்றால் வீட்டிலிருக்கும் அத்தனையும் வாசலுக்கு வந்தாக வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பொருளும் வெயிலைப் பார்க்கும். திரும்ப உள்ளே போகும்போது பாதி வாசலிலேயே நின்றுவிடும். பழைய புடவைக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுப்பவர் வருவார். ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம் வரும். காகிதத்துக்குத் தராசோடு ஆள் வரும். எதுவும் குப்பைக்குப் போகவில்லை, வேறு வீட்டுக்குப் போனது. இப்போது சுவருக்கு பெயிண்ட், ஐந்து வருஷம் தாங்கும். வாடகை வீட்டில் நாம் காலி செய்யும்போதுதான் அடிக்கிறார்கள். ஆக, பரணில் ஏறியது இறங்குவதே இல்லை.

சின்ன வீட்டுக்குத் துணையாக இருந்த இன்னொன்று தெருமுனைக் கடை. அரைக்கால் கிலோ பருப்பு, ஐம்பது மில்லி எண்ணெய். கடலூர் சின்னிகிருஷ்ணன் ஷாம்பூவைப் பாக்கெட்டில் அடைத்து விற்ற யோசனையும், அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் தொடங்கிய 'சிக்' ஷாம்பூவும் தமிழ்நாட்டுக் குளியலறைகளுக்குள் புகுந்தது இந்தக் கணக்கில்தான். கையில் பணமும் இல்லை, வைக்க இடமும் இல்லை என்பவருக்கு அண்ணாச்சி கடையே பரண். 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்று சூப்பர் மார்க்கெட் நம்மிடம் விற்றது, தன்னுடைய கிடங்கின் சுமையையும் சேர்த்துத்தான்.

இந்தச் சூழலில்தான் மாரி கொண்டோ வந்தார். அவருடைய புத்தகம் 2014இல் ஆங்கிலத்தில் வெளியானது. 2019 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸ் தொடர் வந்தது. ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, இது எனக்கு மகிழ்ச்சி தருகிறதா என்று கேள், இல்லையென்றால் நன்றி சொல்லி அனுப்பு என்பது அவர் முறை. துணி, புத்தகம், காகிதம், சில்லறைச் சாமான், கடைசியில் நினைவுப் பொருள் என்று வரிசையும் கொடுத்தார். துணியை நிறுத்தி மடிக்கும் அவருடைய முறையை நான் பின்பற்றுகிறேன், உண்மையிலேயே இடம் மிச்சமாகிறது. இடறுகிற இடம் காகிதம். எல்லாவற்றையும் தூக்கிப் போடுவதே அதற்கு அவர் சொல்லும் அடிப்படை விதி. சில விலக்குகள் மட்டும் உண்டு.

எங்கள் வீடு 400 சதுர அடி. ஏழாவது வாடகை வீடு. அம்மாவிடம் ஒரு மஞ்சள் பை இருக்கிறது. பழைய ரேஷன் கார்டு, கேஸ் புத்தகம், என் தடுப்பூசி அட்டை, அப்பா வேலை பார்த்த இடத்துச் சம்பளச் சீட்டுகள், இன்று இல்லாத ஒரு விலாசத்துக்கு வந்த தபால் உறைகள். அதில் எதுவும் அவளுக்கு மகிழ்ச்சி தருவதில்லை. பார்த்தால் அழுவாள். ஆனால் அப்பா இறந்தபின் ஓர் அலுவலகத்தில் முப்பது வருஷத்துக்கு முந்தைய சம்பளச் சீட்டு ஒன்றைக் கேட்டார்கள். பையில் இருந்தது. இந்த நாட்டில் சொந்த நிலமோ சிபாரிசோ இல்லாதவர், தான் இங்கேதான் இருந்தேன் என்று நிரூபிக்க வைத்திருப்பது காகிதம் மட்டுமே. குடிசை அகற்றப்பட்டபோது மாற்று வீடு கேட்டு வரிசையில் நின்ற யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். தூக்கிப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்பது, தேவைப்பட்டால் திரும்ப வாங்கிக்கொள்ள முடிந்தவரின் நிம்மதி.

வரலாறு இதில் இரண்டு பக்கமும் சாட்சி சொல்கிறது. கரிவலம்வந்தநல்லூர் கோயிலில் ஏடுகள் இருப்பதாகக் கேள்விப்பட்டு உ.வே. சாமிநாதையர் போனார். பழுதான ஏடுகளை ஆகம முறைப்படி நெய்யில் தோய்த்து ஹோமத் தீயில் இட்டுவிட்டதாகச் சொன்னார்கள். 'என் சரித்திரம்' நூலில் அவர் அதைப் பதைப்போடு எழுதுகிறார். எரித்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. மரியாதையோடு, முறைப்படி, நன்றி சொல்லித்தான் இடத்தைக் காலி செய்தார்கள்.

மறுபக்கம் காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூர். ரோஜா முத்தையா, விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். புத்தகம், இதழ், நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்தார். சுமார் ஒரு லட்சம் உருப்படிகள். 1992இல் அவர் காலமானபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. 1994இல் சென்னையில் அது ஆராய்ச்சி நூலகமாயிற்று. ஒரு நாடக நோட்டீஸ் நாடகம் முடிந்த மறுநாள் குப்பை. எண்பது வருஷம் கழித்து அது ஆவணம். நடுவில் இருக்கும் எழுபத்தொன்பது வருஷமும் அது யாரோ ஒருவர் வீட்டில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தாக வேண்டும்.

எல்லோரும் ரோஜா முத்தையா ஆக முடியாது, 400 சதுர அடியில் முடியவே முடியாது. காலாவதியான மருந்தும் ஓடாத மிக்ஸியும் மூடி தொலைந்த டப்பாவும் ஆவணமாகப் போவதில்லை. அவை போகட்டும். அம்மாவும் நானும் ஒரு ஏற்பாட்டுக்கு வந்திருக்கிறோம். கடையில் திரும்பக் கிடைக்கிற எதையும் போடலாம், எனக்கு அதில் முழு அதிகாரம். கடையில் கிடைக்காததைத் தொட வேண்டுமென்றால் அவளிடம் கேட்க வேண்டும். இந்தப் பொங்கலுக்குள் குளியலறைக்கு மேலே இருக்கும் லாஃப்டைக் காலி செய்துவிட்டோம். நாலு மூட்டை கீழே போயிற்று. மஞ்சள் பையை ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் போட்டு, ஓரத்தில் வேப்பிலையும் வைத்து, மேலே ஏற்றியிருக்கிறோம். அந்த லாஃப்டை அம்மா இன்னும் பரண் என்றுதான் சொல்கிறாள்.