சிதம்பரத்துப் பிள்ளையும் ஐம்பது விண்ணப்பங்களும்



போன வாரம் நெல்லிக்குப்பம் மார்க்கெட்டில் என் பழைய மாணவன் ஒருவனின் அம்மாவைப் பார்த்தேன். "எப்பதான் சார் இவன் படிச்சு முடிப்பான்? டாக்டர் பட்டமும் வாங்கிட்டான். ஜெர்மனியில ரெண்டு வருஷம், இப்ப கொரியாங்கறான். கூடப் படிச்சவங்க நெய்வேலியில வீடே கட்டிட்டாங்க" என்று கண் கலங்கினார். நின்ற இடத்தில் எனக்குப் பதில் வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நம் ஊரில் ரயில் ஏறினால் அதே பாதையில் சிதம்பரம். 1952இல், அது தென்னார்க்காடு மாவட்டமாக இருந்தபோது, அங்கே பிறந்தவர் வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். 2009இல் வேதியியலுக்கு நோபல் பரிசு வாங்கியவர். இவ்வளவும் உங்களுக்குத் தெரியும். நடுவில் நடந்ததைத்தான் யாரும் பேசுவதில்லை.

அவர் பிறந்தபோது அப்பா ஊரில் இல்லை. அமெரிக்காவில் விஸ்கான்சினில் ஆராய்ச்சியில் இருந்தார். பிறகு அம்மா ராஜலட்சுமியும் கனடா போய், மெக்கில் பல்கலைக்கழகத்தில் உளவியலில் முனைவர் பட்டம் வாங்கினார். சின்னக் குழந்தையை விட்டுவிட்டு அந்தக் காலத்துப் பெண் கடல் தாண்டியதை ஊர் எப்படிப் பேசியிருக்கும்! இருவரும் திரும்பி வந்து பரோடாவில் வேலை பார்த்தார்கள். அம்மா அங்கே உளவியலை விட்டு ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கு மாறினார்.

மகன் மூன்று வயதிலேயே பரோடா போய்விட்டார். (நோபல் கிடைத்ததும், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அவருக்குப் பாடம் எடுத்ததாக ஒருவர் சொல்லிக்கொள்ள, "நான் அங்கே படித்ததே இல்லை" என்று அவரே மறுக்க வேண்டியதாயிற்று. வாத்தியார்கள் நாங்கள் இப்படித்தான்!) வேலூர் மருத்துவக் கல்லூரி, ஐஐடி இரண்டு நுழைவுத் தேர்விலும் இடம் கிடைக்கவில்லை. பரோடாவிலேயே பி.எஸ்சி. இயற்பியல் முடித்து, 1971இல் ஒஹையோ பல்கலைக்கழகம் போனார். 1976இல் முனைவர் பட்டம்.

இங்கே கவனியுங்கள். பட்டம் வாங்கிய கையோடு, இயற்பியல் தனக்கு ஒத்துவராது என்று முடிவு செய்து, சான் டியாகோவில் உயிரியல் மாணவராக மறுபடி வகுப்பில் போய் உட்கார்ந்தார். அப்போது கல்யாணமாகி, குடும்பமும் இருந்தது. பிறகு யேல் பல்கலைக்கழகத்தில் போஸ்ட் டாக். அங்கேதான் ரைபோசோம் அறிமுகம். நம் செல்லுக்குள் புரதத்தை நெய்யும் தறி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஆசிரியர் வேலைக்குச் சுமார் ஐம்பது இடங்களுக்கு விண்ணப்பித்தார். ஓர் இடத்திலிருந்தும் நேர்காணலுக்குக்கூட அழைப்பு வரவில்லை. ஓக் ரிட்ஜில் கொஞ்ச காலம், 1983 முதல் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடம். நாற்பதை நெருங்கும் வயதில் கேம்பிரிட்ஜுக்குப் போய்ப் படிகவியல் கற்றார். அதாவது மூன்றாவது முறை மாணவர். 1995இல் யூட்டாவில் பேராசிரியர். 1999இல் அதையும் விட்டு, குறைந்த சம்பளத்துக்குக் கேம்பிரிட்ஜிலேயே குடியேறினார். பலன் உடனே வராத வேலைக்கும் பொறுமையாகப் பணம் தரும் ஆய்வுக்கூடம் அது. அடுத்த ஆண்டே ரைபோசோமின் சிறிய பாகத்தின் அமைப்பை வெளியிட்டார். மனைவி வேரா குழந்தைகளுக்குப் புத்தகம் எழுதிப் படம் வரைபவர். அவர் வேலை பெட்டிக்குள் அடங்கியது. எல்லா வீட்டிலும் அப்படி அமையாது.

நோபல் கதையைச் சொல்லி அந்த அம்மாவை ஏமாற்ற எனக்கு மனமில்லை. இரண்டு வருடம், மூன்று வருடம் என்று ஒப்பந்தத்தில் நாடு நாடாக அலைந்துவிட்டு ஆராய்ச்சியையே விட்டவர்கள்தான் அதிகம். அலைய வைக்கும் அந்த ஏற்பாட்டில் நியாயம் குறைவு என்றே நினைக்கிறேன். ஆனால் அம்மா, உங்கள் மகன் இப்போது படிக்கவில்லை. வேலை பார்க்கிறான். போஸ்ட் டாக் என்பது சம்பளம் வாங்கும் உத்தியோகம். நிரந்தரமில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜெர்மனி போகுமுன் அவன் என்னிடம் வந்தான். "இயற்பியலை விட்டு உயிரியலுக்குப் போறேன் சார்" என்றான். "இந்த வயசுல முதல்லேர்ந்தாடா?" என்று கேட்டு, அரை மணி நேரம் தடுத்துப் பேசினேன். அவன் கேட்கவில்லை. கேட்காதது நல்லதா இல்லையா என்று இன்னும் தெரியாது. நான் பேசியது தப்பு என்று மட்டும் தெரியும். தம்பி, இதைப் படித்தால் அம்மாவுக்கு ஒரு போன் போடு.