புது கிராபிக்ஸ் கார்டு போட்டா கேம் ஏன் படுத்துக்குது? - ஒரு குட்டி வரலாறு

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் அதிகம், அதான் இந்தப் பக்கம் தலை காட்டவே முடியல. பொட்டி தட்டுறவனுக்குப் பொட்டியைக் கழட்டி மாட்டவும் தெரியும்னு நம்ம ஊர்ல ஒரு நம்பிக்கை இருக்கு. அதனால எனக்கு அடிக்கடி வர்ற கேள்வி இதுதான்: "புது கார்டு வாங்கிப் போட்டேன், கேம் பத்து நிமிஷத்துல வெளிய தள்ளுது. கார்டு அவுட்டா?"

இதுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே இதோட பழைய கதையை எல்லாம் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். கிட்டத்தட்ட முப்பது வருஷமா எல்லாரும் இதே கேள்வியைத்தான் கேக்குறாங்க. கார்டோட பேரும் விலையும் மட்டும்தான் மாறியிருக்கு. பழி எப்பவும் முதல்ல கார்டு மேலதான் விழும். ஆனா உண்மையான குற்றவாளி பாதி நேரம் வேற எங்கேயோ ஒளிஞ்சிருப்பான். கொஞ்சம் நீளமான பதிவு, டீயோட உக்காருங்க.

1996: ரெண்டு விதை

அந்த வருஷம் ரெண்டு விஷயம் நடந்துச்சு. ஒண்ணு, அமெரிக்காவோட சான் ஹோசேல இருந்த 3டிஎஃப்எக்ஸ் கம்பெனி 'வூடூ கிராபிக்ஸ்'னு ஒரு சிப்பை இறக்குச்சு. அதை வச்சு வந்த கார்டுகள்ல வெறும் 4 எம்பி மெமரி. முப்பரிமாண வேலையை மட்டும்தான் பாக்கும். சாதாரண டெஸ்க்டாப் தெரியணும்னா இன்னொரு கார்டு தனியா வேணும். அந்தக் கார்டுலேருந்து ஒரு கேபிள் வூடூவுக்குள்ள போய், அங்கேருந்து மானிட்டருக்கு வரும். 'கிளைடு'னு அதுக்குன்னே ஒரு மொழி. கிளைடுக்கு மட்டும் எழுதின கேம் வேற கம்பெனி கார்டுல ஓடாது. அதாவது கார்டு நல்லா இருக்கும், கேமும் நல்லா இருக்கும், ரெண்டுக்கும் பேச்சுவார்த்தை மட்டும் இருக்காது. (நம்ம வீட்டுக் கல்யாணத்துல சில சொந்தக்காரங்க மாதிரி :-))

ரெண்டாவது விஷயம் அப்போ யார் கண்ணுலயும் பெருசாப் படல. மைக்ரோசாஃப்ட் அதே 1996-ல விண்டோஸ் என்டி 4.0 வெளியிட்டுது. அதுக்கு முந்தின என்டி பதிப்புகள்ல கிராபிக்ஸ் வேலை கெர்னலுக்கு வெளியில, ஒரு தனி அறையில நடந்துச்சு. பாதுகாப்பு அதிகம், வேகம் கம்மி. 4.0-ல வேகத்துக்காக அதைத் தூக்கி கெர்னலுக்குள்ளேயே வச்சாங்க. படம் சல்லுன்னு வந்துச்சு. ஆனா கிராபிக்ஸ் டிரைவர்ல ஒரு சின்ன ஓட்டை இருந்தாலும் மொத்த சிஸ்டமும் நீலத் திரையோட படுக்கும்ங்கிற நிலைமையும் அங்கேதான் ஆரம்பிச்சது. அடுத்த பத்து வருஷ நீலத் திரைகள்ல ஒரு பெரிய பங்கு இந்த ஒரு முடிவோட வட்டி.

ஏஜிபி காலம்: நடுவுல நின்னவன்

1997-ல இண்டெல் ஏஜிபி ஸ்லாட்டைக் கொண்டுவந்தது. கிராபிக்ஸ் கார்டுக்குன்னே தனிப் பாதை. நல்ல விஷயம்தான், ஆனா வோல்டேஜ் குழப்பமும் கூடவே வந்துச்சு. முதல்ல வந்தது 3.3 வோல்ட், அப்புறம் 1.5, அதுக்கப்புறம் 0.8. தப்பான கார்டைத் தப்பான போர்டுல சொருகிடக் கூடாதுன்னு கார்டோட அடியில வெட்டு வச்சிருந்தாங்க. சில பழைய கார்டுகள்ல அந்த வெட்டே தப்பா இருந்துச்சு. 3.3 வோல்ட் கார்டு 1.5 வோல்ட் போர்டுல அழகா உக்காரும், உக்காந்த கையோட போர்டு காலி.

அதைவிடப் பெரிய தலைவலி சிப்செட் டிரைவர். ஏஎம்டி அத்லான் ப்ராசசர் வாங்கினவங்கள்ல நிறைய பேரோட போர்டுல வியா கம்பெனி சிப்செட் இருக்கும். வியாவோட '4-இன்-1' டிரைவரைப் போடாம புது கார்டு போட்டா ஆட்டம் கண்டுடும். 2001-ல எக்ஸ்பி வந்தப்புறம் ஒரு நீலத் திரை ரொம்பப் பிரபலம்: டிரைவர் முடிவில்லாத லூப்ல மாட்டிக்கிச்சுன்னு சொல்லி, கீழே என்விடியா டிரைவர் ஃபைலோட பேரைப் போடும். பாக்குறவன் என்ன நினைப்பான்? என்விடியா கார்டு ஊத்திக்கிச்சுன்னுதான். ஆனா அதுக்குக் காரணம் ஒண்ணு இல்ல. சிலருக்கு சிப்செட் டிரைவர், சிலருக்கு மெமரி டைமிங், சிலருக்கு ஸ்லாட்டுக்குப் போதாத கரண்ட். பயாஸ்ல போய் ஏஜிபி வேகத்தை 4-லேருந்து 2-க்குக் குறைச்சு, 'ஃபாஸ்ட் ரைட்ஸ்' ஆஃப் பண்ணா பல பேருக்கு ஓடுச்சு. பிணம் விழுந்த இடத்துல நின்னவன் பேரைத்தான் திரை சொல்லும், கொலைகாரன் பேரைச் சொல்லாது.

இதுக்கு நடுவுல 3டிஎஃப்எக்ஸே போய்ச் சேர்ந்துடுச்சு. 2000 டிசம்பர்ல தன்னோட சொத்துக்களை என்விடியாவுக்கு விக்கிறதா அறிவிச்சது. கையில வூடூ கார்டு வச்சிருந்தவங்க கதி? புது விண்டோஸுக்கு ரசிகர்களே உக்காந்து டிரைவர் எழுதினாங்க. நம்ம தமிழ் எழுத்துருவுக்கு ஆர்வலர்கள் உக்காந்து உழைச்சது ஞாபகம் வருதா?

விஸ்டா: ரெண்டு செகண்ட் பொறுமை

2007 ஜனவரி 30-ல விஸ்டா கடைக்கு வந்துச்சு. மைக்ரோசாஃப்ட் 1996-ல செஞ்சதுக்கு இங்கே கொஞ்சம் பரிகாரம் பண்ணுச்சு. டிரைவரோட பெரும்பகுதியை கெர்னலுக்கு வெளியில தள்ளினாங்க. 'டிடிஆர்'னு ஒரு காவல்காரனையும் வச்சாங்க. கார்டு ரெண்டு செகண்டுக்குப் பதில் சொல்லலைன்னா, மொத்த சிஸ்டமும் சாகறதுக்கு முன்னாடி கார்டை மட்டும் ரீசெட் பண்ணிடுவான். திரை ஒரு நொடி கறுப்பாகி, "டிஸ்ப்ளே டிரைவர் பதில் சொல்றதை நிறுத்தி, மீண்டு வந்திருக்கு"ன்னு செய்தி வருமே, அதுதான்.

ஆனா புது ஏற்பாட்டுக்கு டிரைவரை அடியிலேருந்து எழுதணும். கார்டு கம்பெனிகள் தயாரா இல்ல. மைக்ரோசாஃப்ட் மேல நடந்த 'விஸ்டா கேப்பபிள்' வழக்குல 2008-ல வெளிய வந்த உள் ஆவணங்கள்ல ஒரு கணக்கு இருந்துச்சு. பதிவான விஸ்டா கிராஷ்கள்ல 28.8% என்விடியா டிரைவரால, 17.9% மைக்ரோசாஃப்ட்டோட சொந்தச் சரக்கால, 9.3% ஏடிஐயால. காசு குடுத்து வாங்கினவன் மாசக்கணக்குல 'கார்டு சரியில்ல'ன்னு கடைக்கு அலைஞ்சப்போ, கம்பெனிக்காரங்க கையில இந்தக் கணக்கு இருந்திருக்கு. படிக்கும்போது நிஜமாவே கோபம் வந்துச்சு.

சால்டர் செஞ்ச துரோகம்

நியாயமா சொல்லணும், கார்டே குற்றவாளியா இருந்த காலமும் உண்டு. 2008 ஜூலைல என்விடியா ஒரு அறிவிப்பு விட்டுது. லேப்டாப்ல போன சில சிப்களோட பேக்கேஜிங் பொருள்ல பலவீனம் இருக்கு, அதுக்காக 15 கோடியிலேருந்து 20 கோடி டாலர் வரைக்கும் ஒதுக்குறோம்னு. சிப்புக்கும் அடிப்பலகைக்கும் நடுவுல குட்டிக் குட்டி சால்டர் புள்ளிகள் இருக்கும். கேம் ஆடினா சூடு, நிறுத்தினா ஆறும். சூடாகும்போது விரியும், ஆறும்போது சுருங்கும். இப்படி ஆயிரம் தடவை ஆனா புள்ளியில விரிசல் விழும். முதல்ல திரையில கோடு, அப்புறம் கிராஷ், கடைசியில கறுப்பு. 2010-ல வழக்கு சமரசத்துல முடிஞ்சுது.

இந்தக் காலத்துலதான் செத்த கார்டை வீட்டு அவன்ல வச்சு சுட்டு எடுக்குற வைத்தியம் பரவுச்சு. சிலருக்கு சில வாரம் உயிர் வரும், அப்புறம் திரும்பப் படுக்கும். தயவுசெஞ்சு செய்யாதீங்க. அடுத்து அதே அவன்ல கேக் வேற செய்வீங்க.

கரண்ட் பசி

2004-ல வந்த ஜிஃபோர்ஸ் 6800 அல்ட்ராவுக்கு ரெண்டு தனி பவர் இணைப்பு வேணும், 480 வாட் பவர் சப்ளை போடுங்கன்னு சொன்னாங்க. அன்னைக்கு அது அதிர்ச்சி. பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் குடுக்குறது அதிகபட்சம் 75 வாட், 6 பின் இணைப்பு இன்னொரு 75, 8 பின்னுன்னா 150. இந்தக் கணக்குக்குள்ளதான் எல்லாரும் நிக்கணும். 2016-ல ஏஎம்டியோட ஆர்எக்ஸ் 480 ஸ்லாட்டுலேருந்து 75-ஐத் தாண்டி இழுக்குதுன்னு சோதனை பண்ணவங்க கண்டுபிடிச்சாங்க. ஜூலையில டிரைவர் அப்டேட் போட்டு ஏஎம்டி சரி பண்ணுச்சு. 2022-ல வந்த ஆர்டிஎக்ஸ் 4090-ல புது 16 பின் இணைப்பு, 600 வாட் வரை. சரியா முழுசா சொருகலைன்னா உருகவே ஆரம்பிச்சுது.

என் ரூம்மேட் கதை ஒண்ணு இங்கே சொல்லணும். எட்டு மாசம் காசு சேத்து ஒரு கார்டு வாங்கினான். கேம் சூடு பிடிச்சதும் பொட்டி மொத்தமா ஆஃப் ஆகும். கடையில "கார்டு நல்லாத்தான் இருக்கு"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. வெறுத்துப் போய்ப் பாதி விலைக்கு வித்துட்டான். வாங்கினவர் வீட்டுல அதே கார்டு இன்னைக்கும் ஜம்முன்னு ஓடுது. இவன் பொட்டியில இருந்த பழைய பவர் சப்ளைதான் வில்லன்! கார்டுகள் மில்லி செகண்டுக்கும் குறைவான நேரத்துல சராசரியைவிட ரொம்ப அதிகமா கரண்ட் இழுக்கும். மீட்டர்ல அது தெரியாது, ஆனா பவர் சப்ளையோட பாதுகாப்பு கட் ஆயிடும். 2022-ல வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதியில இந்தத் திடீர் இழுப்புக்குன்னே கணக்கு சேத்திருக்காங்க. 100 மைக்ரோ செகண்டுக்கு ரெண்டு மடங்கு வரை தாங்கணும்.

ஒரே கதை ரெண்டு தடவை

2010-ல ஸ்டார்கிராஃப்ட் 2 வந்தப்போ, மெனு திரையில சும்மா நின்னாலே கார்டு கொதிக்குதுன்னு புகார். காரணம், மெனுவுல ஃபிரேம் எண்ணிக்கைக்கு வரம்பே வைக்கல. வேலை இல்லாத இடத்துல கார்டு நொடிக்கு நூத்துக்கணக்கான படம் வரைஞ்சு தள்ளுச்சு. பிலிஸ்ஸார்ட் வரம்பு வைக்க வழி சொன்னாங்க. 2021 ஜூலைல அமேசானோட 'நியூ வேர்ல்ட்' கேமோட சோதனைப் பதிப்பு. அதுலயும் மெனு வரம்பு பிரச்சினைதான் முதல் சந்தேகம். இந்தத் தடவை சில ஆர்டிஎக்ஸ் 3090 கார்டுகள் செத்தே போச்சு. கடைசியில இவிஜிஏ கம்பெனி, தங்களோட குறைஞ்ச எண்ணிக்கைக் கார்டுகள்ல சால்டரிங் சரியில்லன்னு ஒத்துக்கிச்சு. கேம் ஓட்டையைக் காட்டுச்சு, ஓட்டை இருந்தது கார்டுல.

அதுக்கு முந்தின வருஷம், 2020 செப்டம்பர் 17-ல வந்த ஆர்டிஎக்ஸ் 3080. வேகம் 2 ஜிகாஹெர்ட்ஸ் பக்கம் போனாலே கேம் வெளிய தள்ளுச்சு. சிப்புக்குப் பின்னாடி இருக்குற கெப்பாசிட்டர் வகைதான் காரணம்னு ஒரே கூச்சல். செப்டம்பர் 28-ல என்விடியா புது டிரைவர் விட்டதும் பெரும்பாலானவங்களுக்கு அடங்கிடுச்சு.

உச்சகட்டம்

இதுவரை சொன்னதெல்லாம் ஒரு பக்கம். 2023, 24-ல நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பாடம். அன்ரியல் எஞ்சின் கேம்கள்ல "வீடியோ மெமரி போதல"ன்னு பிழை. 24 ஜிபி மெமரி இருக்குற கார்டுலயும் அதே செய்தி! கார்டை மாத்தினாலும் போகல. கடைசியில பாத்தா, குற்றவாளி இண்டெலோட 13, 14-ம் தலைமுறை ப்ராசசர். தேவைக்கு மேல வோல்டேஜ் வாங்கி உள்ளுக்குள்ளேயே பழுதாகியிருக்கு. கேம் ஃபைலைப் பிரிச்சுக் கொட்டுற வேலையில கணக்குத் தப்பாகும், பழி கார்டு மேல விழும். 2024 ஜூலைல இண்டெல் ஒத்துக்கிச்சு, ஆகஸ்ட்ல மைக்ரோகோடு குடுத்துச்சு, வாரண்டியை ரெண்டு வருஷம் நீட்டிச்சது. ஏற்கனவே கெட்டுப்போன சிப்பை அப்டேட் குணப்படுத்தாது, மாத்தியே ஆகணும்.

சரி, இந்த வரலாறு நம்ம பொட்டிக்கு என்ன சொல்லுது?

1. பொட்டி மொத்தமா ஆஃப் ஆச்சா, தானா ரீஸ்டார்ட் ஆச்சா? முதல் சந்தேகம் பவர் சப்ளை. கேபிள் முழுசா உக்காந்திருக்கான்னு பாருங்க.
2. திரை கறுப்பாகித் திரும்பி வருதா? டிடிஆர் வேலை பாக்குறார். சேஃப் மோடுல போய்ப் பழைய டிரைவரைச் சுத்தமா நீக்கிட்டுப் புதுசைப் போடுங்க. சிப்செட் டிரைவர், பயாஸ் அப்டேட்டையும் மறக்காதீங்க.
3. கேம் மட்டும் மூடிக்குதா? வேற கேம்ல பாருங்க. ஓவர்கிளாக் இருந்தா எடுங்க. மெமரியையும் சோதிங்க.
4. கடைசியா, கார்டை நண்பரோட பொட்டியில போட்டுப் பாருங்க. அங்கேயும் படுத்தா அது கார்டு. அங்கே ஓடினா, வித்துடாதீங்க சாமி!

இந்த நாலாவது படி இலவசம். இத்தனை வருஷத்துல நிறைய பேர் அதைச் செய்யாமத்தான் காசை விட்டிருக்காங்க. ஒரு கிராஷ்ல கார்டுக்காரன், போர்டுக்காரன், விண்டோஸ்காரன், கேம்காரன்னு நாலு பேர் இருக்காங்க. ஒவ்வொருத்தரும் அடுத்தவரைக் கை காட்டுவாங்க. நடுவுல நிக்கிறது நம்ம சம்பளம்.

டிஸ்கி: ஏஜிபி காலத்துல பயாஸோட மல்லுக்கட்டின சீனியர்கள் இருந்தா பின்னூட்டத்துல உங்க கதையைச் சொல்லுங்க. அடுத்த பதிவுல சவுண்டு கார்டு கதை எழுதலாம்னு இருக்கேன், ஆணி விட்டா.